நேரத்தின் கூலியும் பெயரின் விலையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தனியாகத் தொழில் நடத்தும் மனநல மருத்துவர் ஒருவர் தம்மைப் பற்றிப் பொதுமக்களுக்கு வெளியிடும் அறிவிப்பில் சில செய்திகள் தவறாமல் இடம்பெறும். எங்கே பயின்றார், மனநல, நரம்பியல் வாரியத்தின் சான்று பெற்றவரா, சிறுவர்களைப் பார்ப்பவரா முதியோரைப் பார்ப்பவரா, மருந்து மட்டும் எழுதித் தருவாரா, பேச்சுவழிச் சிகிச்சையும் அளிப்பாரா, முதற் சந்திப்பு எவ்வளவு நேரம் நீளும் என்பவற்றையெல்லாம் சொல்லி முடித்த பின், எந்தெந்தக் காப்பீட்டுத் திட்டங்களில் அவர் பங்கேற்கிறார், அல்லது எதிலுமே பங்கேற்பதில்லை என்று ஒரு வரி வரும். பங்கேற்பு என்பது இங்கே ஒரு தொழிற்சொல். காப்பீட்டுத் திட்டம் வகுத்த தொகையையே தம் கட்டணமாக ஏற்று, திட்டம் நோயாளியின் பங்காக விதித்ததற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்பதில்லை என மருத்துவர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை அது குறிக்கும். கணக்கர்களுக்கு உரியதாகத் தோன்றும் இந்த ஒற்றை வரிக்குள், சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலம் விவாதித்த கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. மனத்தின் துயரை ஆற்றுவதற்குக் கூலி பெறலாமா, பெறலாமெனில் எதற்காகப் பெறுவது, அதைத் தர வேண்டியவர் யார் என்பதே அக்கேள்வி.

மனநல மருத்துவத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரை 1808ஆம் ஆண்டில் உருவாக்கியவர் யோகான் கிறிஸ்தியன் ரைல் என்ற ஜெர்மானிய மருத்துவர். உயிர், ஆன்மா, மனம் என்று பலவாறு பொருள்படும் ‘சைக்கே’ என்னும் கிரேக்கச் சொல்லோடு, மருத்துவரைக் குறிக்கும் ‘இயாத்ரோஸ்’ என்னும் சொல்லைச் சேர்த்து அவர் அப்பெயரை ஆக்கினார். ஆகவே ‘சைக்கியாட்ரிஸ்ட்’ என்பதற்கு நேர்ப்பொருள் ஆன்ம மருத்துவர் என்பதாகும். இந்தப் பெயரைத் தாங்குபவர் இரண்டு மரபுகளுக்கு வாரிசாகிறார். உடலைக் குணப்படுத்தி அதற்குக் கட்டணம் பெற்ற மருத்துவரின் மரபு ஒன்று. துன்புற்ற நெஞ்சின் வாக்குமூலத்தைக் கேட்டு, அதற்கு விலை பெறக் கூடாதெனத் தடுக்கப்பட்ட குருவின் மரபு மற்றொன்று. இவ்விரு மரபுகளும் கூலியைப் பற்றி வெவ்வேறு விதி சொல்வதால், இரண்டுக்கும் நடுவே நிற்பவர் எந்த விதிக்குக் கட்டுப்பட்டவர் என்ற ஐயம் எழுகிறது.

கலையும் கூலியும்

இந்த ஐயத்தின் முதல் தெளிவான வடிவத்தைப் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் முதற் புத்தகத்தில் காணலாம். வலியவரின் நலமே நீதி என்று வாதிடும் திரசிமாக்கஸிடம், சொல்லின் கண்டிப்பான பொருளில் மருத்துவர் என்பவர் பணம் ஈட்டுபவரா நோயைத் தீர்ப்பவரா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். நோயைத் தீர்ப்பவரே என்று விடை வந்ததும், மருத்துவரின் கைக்குப் பணம் வந்து சேர்வது மருத்துவக் கலையால் விளைவதன்று, கூலி ஈட்டும் கலை என்னும் தனிக்கலையால் விளைவது என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். மருத்துவத்தின் பயன் உடல்நலம், கட்டடக் கலையின் பயன் வீடு, கூலிக் கலையின் பயன் கூலி. எல்லாத் தொழிலோடும் ஒட்டிக்கொண்டு வருவதால் மூன்றாவது கலை கண்ணுக்குத் தெரிவதில்லை. கூலியே பெறாமல் சிகிச்சை செய்தவரும் நன்மை செய்தவர்தாம், அவருடைய மருத்துவத்தில் எதுவும் குறைவதில்லை என்பது இதிலிருந்து பெறப்படும் முடிவு. கற்பித்தலுக்குக் கட்டணம் வாங்கிய சோஃபிஸ்டுகளுக்கு எதிராக, கட்டணம் வாங்காமல் உரையாடியவர் என்ற நிலையில் நின்றே சாக்ரடீஸ் இதைச் சொல்கிறார்.

இந்தப் பிரிவினை ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது. ஒரே மனிதரிடம் குடியிருக்கும் இரு கலைகளும் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடாமல் இருக்கும் என்பதே அந்த எடுகோள். எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுப்போடுபவரிடம் அது பெரும்பாலும் பொருந்தும். பணம் யார் தந்தாலும் முறிவு முறிவே. பேச்சையும் பேச்சுக்குச் சூட்டப்படும் பெயரையும் கருவியாகக் கொண்ட மனநல மருத்துவத்தில், கூலி எந்த வழியாக வருகிறது என்பது சிகிச்சையின் உள்ளேயே புகுந்து அதன் வடிவத்தை மாற்றக்கூடும். கலை இரண்டெனக் கண்ட பிளேட்டோவுக்கு, இரண்டுக்கும் இடையிலான சுவரில் எங்கே ஓட்டை விழும் என்று பார்க்க வேண்டிய தேவை எழவில்லை.

அந்த ஓட்டையைக் கண்டு அஞ்சியவை சமய மரபுகள். கிறிஸ்தவ வேதத்தின் திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில், சமாரியாவைச் சேர்ந்த சீமோன் என்னும் மாயவித்தைக்காரன், கைகளை வைத்துத் தூய ஆவியை அளிக்கும் ஆற்றலைப் பேதுருவிடம் பணம் கொடுத்து வாங்க முயன்று கண்டிக்கப்படுகிறான். அவன் பெயரிலிருந்தே, ஆவிக்குரியவற்றை விற்பதும் வாங்குவதுமான குற்றத்துக்குத் திருச்சபைச் சட்டத்தில் ‘சிமோனி’ என்ற பெயர் ஏற்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் ‘இறையியல் தொகுப்பில்’ இக்குற்றத்தை ஆராயும்போது நுட்பமான எல்லை ஒன்றை வரைந்தார். அருளுக்கு விலையாக எதையும் பெறுவது பாவம், ஆனால் அதை வழங்கும் பணியாளரின் வாழ்வாதாரத்துக்கென்று பெறுவது பாவமன்று. கைமாறும் காசு ஒன்றேயாயினும், விலை என்று பெறுவதும் பிழைப்புக்கு என்று பெறுவதும் அவருக்கு வெவ்வேறு செயல்கள். கீழைத் திருச்சபையோ இன்னும் கண்டிப்பானதோர் இலட்சியத்தை முன்வைத்து, காசே வாங்காமல் மருத்துவம் பார்த்ததாக நம்பப்படும் கோஸ்மாஸ், தமியான் என்னும் இரட்டையரை ‘வெள்ளி வாங்காதவர்கள்’ என்ற பட்டத்தோடு வணங்குகிறது.

யூத மரபு இதற்கு எதிர்த்திசையிலிருந்து தொடங்குகிறது. ஒன்றுமே வாங்காமல் குணப்படுத்தும் மருத்துவரின் வைத்தியம் ஒன்றுக்குமே ஆகாது என்னும் கருத்துப்பட ஒரு பேச்சு தல்மூதில் இடம்பெறுகிறது. இலவசமாகக் கிடைப்பதில் கவனம் இருக்காது என்ற உலகியல் அறிவு அதில் ஒலிக்கிறது. ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ‘சுல்கான் அரூக்’ என்னும் சட்டநூல், குணப்படுத்துவது இறைவன் இட்ட கட்டளை என்பதால் மருத்துவர் தம் அறிவுக்குக் கூலி பெறக் கூடாது என்றும், தாம் படும் சிரமத்துக்கும், வேறு வேலை பார்த்திருக்கக்கூடிய நேரத்தை இதில் செலவிட்டதற்கும் பெறலாம் என்றும் வகுக்கிறது. அறிவு கடவுளுக்குரியது, நேரம் மனிதருக்குரியது. தமக்குரியதற்கே ஒருவர் கூலி கேட்க முடியும். அக்குவினாஸின் எல்லையும் காரோவின் எல்லையும் வேறு வேறு வேர்களிலிருந்து எழுந்தவை எனினும், ஆற்றும் செயலின் உட்பகுதிக்கு விலை இல்லை, அதைச் சூழ்ந்த உழைப்புக்குக் கூலி உண்டு என்ற இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

ஆன்மாவும் உடலும் இடம் மாறிய கதை

அமெரிக்க அரசியல் மெய்யியலாளர் மைக்கேல் வால்சர், 1983இல் வெளிவந்த ‘நீதியின் களங்கள்’ என்ற நூலில், இடைக்கால ஐரோப்பாவையும் தற்காலத்தையும் ஒப்பிட்டு ஒரு தலைகீழ் மாற்றத்தைச் சுட்டுகிறார். அன்று ஆன்மாவைப் பேணுவது பொதுக் கடமையாக இருந்தது; ஊர்தோறும் கோவிலும் குருவும் இருக்க வேண்டும், ஏழையும் பாவமன்னிப்புப் பெற வேண்டும் என்று கருதிய சமூகம் அதற்கான செலவைப் பொதுவில் ஏற்றது. உடலைப் பேணுவது அவரவர் சொந்தப் பாடாக விடப்பட்டது. இன்று உடல்நலம் பொதுத் தேவையாகவும், ஆன்மாவின் நலம் தனிமனித விருப்பமாகவும் மாறிவிட்டன. எந்த நன்மையை எல்லோர்க்கும் பொதுவானதென்று ஒரு சமூகம் உணர்கிறதோ அந்த நன்மை தேவையின்படி பகிரப்பட வேண்டும், கைப்பணத்தின்படி அன்று என்பது வால்சரின் வாதம்.

இந்த ஒப்பீட்டின் நடுவில் மனநல மருத்துவரை நிறுத்திப் பார்த்தால், அமெரிக்கச் சட்டம் அவரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று நெடுநாள் தடுமாறியது தெரியவரும். முதியோர்க்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர் திட்டத்தில், வெளிநோயாளியாக உடற்சிகிச்சை பெறுபவர் கட்டணத்தில் 20 விழுக்காட்டைத் தம் பங்காகத் தந்தபோது, மனநலச் சிகிச்சை பெறுபவர் 50 விழுக்காட்டைத் தர வேண்டியிருந்தது; 2008இல் இயற்றப்பட்ட சட்டத்தால் இந்த வேறுபாடு படிப்படியாகக் குறைந்து 2014இல்தான் மறைந்தது. தனியார் காப்பீட்டிலும் 1996இல் பெயரளவுக்குத் தொடங்கிய சமநிலைச் சட்டம், 2008இல் மனநலத்தோடு போதைப்பழக்கச் சிகிச்சையையும் சேர்த்து விரிவாக்கப்பட்டது. சமநிலை என்பது, திட்டம் ஒன்று மனநோய்க்கு விதிக்கும் கட்டணப் பங்கும் சந்திப்புகளின் எண்ணிக்கை வரம்பும் உடல்நோய்க்கு விதிப்பவற்றைவிடக் கடுமையாக இருக்கலாகாது என்னும் விதி. மனத்தின் துயரும் பொதுச் சுமையே என்ற ஒப்புதல் இதனால் கிடைத்தது. ஆனால் அந்த ஒப்புதலோடு ஒரு நிபந்தனையும் வந்தது: பொதுப்பணம் துயருக்குத் தரப்படுவதில்லை, நோய்க்குத்தான் தரப்படும். சமூகத்தின் பணம் வந்து சேர வேண்டுமாயின் துயர் முதலில் நோயாக வேண்டும்.

விற்கப்படும் நேரம்

மருத்துவர் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஐந்து இலக்கங்கள் கொண்ட எண் ஒன்றை வகுத்திருக்கிறது. காப்பீட்டுக் கணக்குகள் எல்லாம் அந்த எண்களிலேயே நடக்கின்றன. பேச்சுவழிச் சிகிச்சை 16 முதல் 37 நிமிடம் நடந்தால் 90832, 38 முதல் 52 நிமிடம் நடந்தால் 90834, 53 நிமிடமோ அதற்கு மேலோ நடந்தால் 90837. அந்த நிமிடங்களில் ஒருவர் தம் தந்தையை முதன்முறையாக மன்னித்தாரா, முழுநேரமும் வாய்திறவாமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாரா என்பது எண்ணை மாற்றுவதில்லை. இயந்திரத்தனமானது என்று எளிதில் பழிக்கப்படும் இந்த முறை, காரோவின் சட்டத்துக்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமானது. அறிவுக்கும் ஆறுதலுக்கும் விலை குறிக்காமல், கடந்த நிமிடங்களுக்கு மட்டும் கூலி குறிப்பது அது.

நேரத்தை விற்பது என்ற கருத்துக்கு இத்துறையில் வெளிப்படையான விளக்கம் தந்தவர் சிக்மண்ட் ஃபிராய்ட். சிகிச்சையைத் தொடங்குவது பற்றி 1913இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு நோயாளிக்கும் தம் நாளில் ஒரு மணி நேரம் குத்தகைக்கு விடப்படுகிறது, அவர் வந்தாலும் வராவிட்டாலும் அதற்குரிய தொகைக்கு அவர் பொறுப்பாளி என்று அவர் கூறினார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் நாளுக்கு ஒரு மணி நேரத்தையும் சில காலம் இரண்டு மணி நேரத்தையும் இலவசச் சிகிச்சைக்கு ஒதுக்கிப் பார்த்ததாகவும், நன்றிக்கடன் போன்ற உணர்வுகள் புகுந்து, இலவசமே சில நோயாளிகளுக்குத் தடையாக மாறியதாகவும் அதே கட்டுரையில் குறிப்பிடுகிறார். ஐந்தாண்டு கழித்து, 1918இல் புடாபெஸ்ட் மாநாட்டில் பேசிய அதே ஃபிராய்ட், அறுவைச் சிகிச்சையில் ஏழைக்கு இருக்கும் உரிமை மனச்சிகிச்சையிலும் அவருக்கு உண்டு என்பதைச் சமூகத்தின் மனச்சான்று ஒருநாள் உணரும் என்றும், அன்று இலவச நிலையங்கள் எழும் என்றும் முன்னுரைத்தார். 1920இல் பெர்லினிலும் 1922இல் வியன்னாவிலும் அத்தகைய நிலையங்கள் திறக்கப்பட்டன. இரண்டு கூற்றுகளும் முரண்படுவனபோல் தோன்றினும், முதலாவது இருவருக்கிடையிலான உறவைப் பற்றியது, இரண்டாவது சமூகத்தின் கடமையைப் பற்றியது. கூலி உறவைத் தெளிவாக்குகிறது என்பதும், கூலி தர இயலாதவரை வெளியே நிறுத்துவது அநீதி என்பதும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் காக்க ஒரே வழி, கூலியை மூன்றாமவர் ஒருவர் தருவது. காப்பீடு என்னும் நிறுவனத்துக்கு அறநெறியில் உள்ள நியாயம் இதுவே.

இருபத்தோராம் கட்டம்

மூன்றாமவர் தரும் கூலி வந்து சேரும் பாதையைக் கண்முன் காட்டுவது ‘சிஎம்எஸ்-1500’ என்ற ஒற்றைத் தாள் கோரிக்கைப் படிவம். சிவப்பு மையில் அச்சிட்ட கட்டங்கள் நிறைந்த அந்தத் தாள் இன்று பெரும்பாலும் கணினி வழியே அனுப்பப்பட்டாலும், கட்டங்களின் ஒழுங்கு ஏறத்தாழ அதுவே. பன்னிரண்டாம் கட்டத்தில் நோயாளி, இந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்கத் தேவையான மருத்துவச் செய்திகளை வெளியிட இசைந்து கையொப்பமிடுகிறார். இருபத்தோராம் கட்டத்தில் நோயின் பெயருக்குரிய குறியெண் எழுதப்படுகிறது. இருபத்துநான்காம் கட்டத்தின் வரிசையில் நாள், செயலின் ஐந்திலக்க எண், தொகை ஆகியவை வருகின்றன. இவற்றுக்கிடையே, இந்தச் செயல் மேலே எழுதிய எந்த நோய்க்காகச் செய்யப்பட்டது என்று காட்டும் ஓர் எழுத்தும் இட வேண்டும். அந்த எழுத்து மிகச் சிறியது. ஆயினும் நேரத்தை நோயோடு முடிச்சுப் போடுவது அதுதான்; அது இல்லாத நேரத்துக்குக் கூலி இல்லை. மருத்துவத் தேவை என்ற நிபந்தனை, அதாவது வரையறுக்கப்பட்ட நோய் ஒன்றுக்கு ஏற்ற சிகிச்சைக்கே பணம் என்ற விதி, தாளில் எடுக்கும் உருவம் இவ்வளவே.

மனைவியை இழந்து நான்கு மாதமான ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவள் விட்டுச்சென்ற மருந்துப் பெட்டியில் மிஞ்சிய மாத்திரைகளை ஞாயிறுதோறும் எண்ணி, மீண்டும் அடைத்து, அலமாரியில் வைத்துவிடுகிறார். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வேலையில் மனம் ஒன்றவில்லை. இதை இயல்பான இழவுத்துயர் என்று மருத்துவர் கருதினால் எழுத வேண்டிய குறியெண் இசட்63.4, நோயல்லாத வாழ்க்கைச் சூழல்களுக்குரிய வரிசையில் அது அமைந்திருப்பதால், காப்பீடு பொதுவாக அதற்குப் பணம் தருவதில்லை. மிதமான பெருமனச்சோர்வு என்று எழுதினால் குறியெண் எஃப்32.1, அதற்குப் பணம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்நிர்ணயக் கையேடு 1994ஆம் ஆண்டுப் பதிப்பில், அன்புக்குரியவர் இறந்து இரண்டு மாதம் வரை இத்தகைய அறிகுறிகளைப் பொதுவாகப் பெருமனச்சோர்வு என்று கொள்ளலாகாது என்ற விலக்கை வைத்திருந்தது. 2013இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில், பெரியவர்களிடம் ஓராண்டைக் கடந்தும் தணியாத துயருக்கு ‘நீடித்த துயர்க் கோளாறு’ என்று தனிப்பெயர் தரப்பட்டது. துயர் எத்தனை மாதம் வரை துயர், எப்போதிலிருந்து நோய் என்பது மனிதர் வகுக்கும் எல்லை என்பதற்கும், அந்த எல்லை நகரும்போது பணத்தின் எல்லையும் நகர்கிறது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இங்கே மருத்துவருக்கு நேரும் சோதனை, இரக்கத்தால் பொய் சொல்வது. ஐயத்துக்கிடமான இடத்தில் கனமான பெயரை எழுதினால் நோயாளிக்குச் சிகிச்சை கிடைக்கும்; அல்லது பிற்காலத்தில் வேலைக்கோ ஆயுள் காப்பீட்டுக்கோ இடையூறு வரக்கூடாதென்று, இருப்பதைவிட மெல்லிய பெயரை எழுதலாம். மனித நேயத்தின் பேரால் பொய் சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை என்று 1797இல் எழுதிய கட்டுரையில் இம்மானுவேல் காண்ட் வாதிட்டார். அந்தக் கண்டிப்பு இரக்கமற்றது என்று பலர் ஒதுக்கியிருந்தாலும், காப்பீட்டில் அதற்கொரு புதுப் பொருத்தம் உண்டு. இந்தப் பொய்யால் ஏமாறுவது கண்ணுக்குத் தெரியும் நிறுவனம் மட்டுமன்று. ஒருவர் சுமையை ஒருவர் ஏற்போம் என்று நம்பி, முன்பின் அறியாத மனிதர்களுக்காகப் பிரீமியம் கட்டும் ஆயிரக்கணக்கானோரும் ஏமாறுகின்றனர். அதே நேரத்தில், உண்மையை மட்டுமே எழுதி நோயாளியைத் திருப்பி அனுப்புவதும் அந்த நம்பிக்கையின் நோக்கத்துக்கே மாறானது. பொய்யையும் கைவிடுதலையும் தவிர வேறு வழி வைக்காத படிவம், குற்றத்தில் தன் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெயர் எப்போதும் தீங்கு என்று முடிவு கட்டுவதும் தவறு. நோயாளி என்னும் நிலை ஒருவரை வழக்கமான கடமைகளிலிருந்து விடுவித்து, தம் நிலைக்கு அவரே குற்றவாளி என்ற பழியையும் நீக்குகிறது என்று 1951இல் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் காட்டினார். சோம்பேறி என்று வீட்டாரால் ஏசப்பட்டவருக்கு மனச்சோர்வு என்ற பெயர் ஒரு விடுதலைப் பத்திரமாகலாம். மறுபுறம், மனிதர்க்குச் சூட்டும் பெயர் கல்லுக்கும் செடிக்கும் சூட்டும் பெயரைப் போன்றதன்று, பெயரை அறிந்த மனிதர் அதற்கேற்ப மாறுகிறார், அவர் மாறுவதால் பெயரின் பொருளும் மாறுகிறது என்று கனடிய மெய்யியலாளர் இயன் ஹாக்கிங் விளக்கினார். இதை அவர் ‘சுழல் விளைவு’ என்று அழைத்தார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், பெயர் சூட்டுவது சிகிச்சைக்கு முந்திய பதிவுவேலை அன்று, சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது விளங்கும். எப்போது, எந்தச் சொல்லால், எவ்வளவு உறுதியோடு சூட்டுவது என்பதை நோயாளியின் நிலையை அறிந்து முடிவு செய்ய வேண்டும். முதற் சந்திப்பின் கணக்கை அனுப்பும்போதே இருபத்தோராம் கட்டத்தை நிரப்பியாக வேண்டும் என்பதால், அந்த முடிவைக் கூலியின் கால அட்டவணை எடுத்துவிடுகிறது. பிளேட்டோவின் சுவரில் ஓட்டை விழுந்த இடம் இதுதான்.

அறையின் உள்ளும் புறமும்

1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், விவேக வயதை எட்டிய கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தபோதே, கேட்டதைச் சொல்லாலோ குறிப்பாலோ வெளியிடும் குருவுக்குக் கடுந்தண்டனையையும் விதித்தது. அங்கே எல்லோர்க்கும் உரிய கடமையும் முழுமையான மறைகாப்பும் ஒன்றாகவே பிறந்தன. செலவைத் திருச்சபை ஏற்றதனால், யார் என்ன சொன்னார் என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் 1996இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட தனியுரிமை விதிகள், உரையாடலின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து மருத்துவர் தனியே எழுதிவைக்கும் சிகிச்சைக் குறிப்புகளுக்குச் சிறப்புக் காப்பு அளிக்கின்றன. அவற்றைக் காட்டினால்தான் பணம் என்று காப்பீட்டு நிறுவனம் வற்புறுத்த முடியாது. ஆனால் சந்திப்பு தொடங்கிய, முடிந்த நேரமும், தந்த மருந்தும், நோய்நிர்ணயத்தின் சுருக்கமும் அந்தச் சிறப்புக் காப்புக்குள் வாரா. சட்டம் தன்னையறியாமலே பழைய சமயக் கோட்டை மீண்டும் வரைந்திருக்கிறது. பேசியது உள்ளே நிற்கிறது, அதற்கு விலையில்லை. நேரம் வெளியே நிற்கிறது, அதற்குக் கூலி உண்டு. காரோவின் கோட்டுக்கும் இதற்கும் ஒரே ஒரு வேறுபாடு: உள்ளே இருக்க வேண்டிய பெயர் இங்கே நேரத்தோடு வெளியே நிற்கிறது.

2013இல் சேர்க்கப்பட்ட விதி ஒன்று இந்த வேறுபாட்டின் விலையை வெளிப்படையாகவே கூறிவிடுகிறது. சிகிச்சைக்கான முழுத்தொகையையும் நோயாளி தம் கையிலிருந்து செலுத்திவிட்டால், அதைப் பற்றிக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாகாது என்று அவர் கேட்கலாம். மருத்துவர் அதற்கு இணங்கியே தீர வேண்டும். அதாவது மறைகாப்பின் இந்தப் பகுதி பணம் உள்ளவர்க்கே கிடைக்கும். காப்பீட்டில் பங்கேற்காத மருத்துவரிடம் செல்பவர்க்கும் இது தானாகக் கிடைத்துவிடுவதில்லை. அவர் முழுக் கட்டணத்தையும் செலுத்திவிட்டு, ‘சூப்பர்பில்’ எனப்படும் விவரச்சீட்டைப் பெற்று, தம் திட்டத்துக்குத் தாமே அனுப்பி ஒரு பகுதியைத் திரும்பப் பெற விரும்பினால், அந்தச் சீட்டிலும் அதே நோய்க் குறியெண் இருக்கும். மருத்துவர் கைவழியே போகாத பெயர் நோயாளியின் கைவழியே போகிறது.

பங்கேற்பு என்னும் சொல்

2009, 2010ஆம் ஆண்டுகளின் நாடளாவிய தரவுகளை ஆராய்ந்து 2014இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஆய்வின்படி, பிற துறை மருத்துவர்களில் 100க்கு ஏறத்தாழ 89 பேர் தனியார் காப்பீட்டை ஏற்றபோது, மனநல மருத்துவர்களில் 55 பேரே ஏற்றனர். ஏழைகளுக்கான அரசுத் திட்டமாகிய மெடிகெய்டைப் பிற துறையினரில் 100க்கு 73 பேர் ஏற்றபோது, மனநல மருத்துவர்களில் 43 பேரே ஏற்றனர். உதவியாளர் இன்றித் தனியே தொழில் நடத்துபவர் பலர் என்பதும், படிவங்களும் முன்னனுமதிக் கடிதங்களும் தின்னும் நேரத்துக்குக் கூலி இல்லை என்பதும், மருத்துவர் தொகை தேவைக்குக் குறைவாக இருப்பதால் காப்பீடு இன்றியே நோயாளிகள் வந்துவிடுகின்றனர் என்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். இவற்றைப் பேராசை என்று சுருக்குவது எளிது. ஆனால் விலகி நிற்பதற்கு அறநெறி சார்ந்த வாதமும் உண்டு. 1961இல் ‘மனநோய் என்னும் புனைவு’ என்ற நூலால் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய தாமஸ் சாஸ், சிகிச்சை என்பது முதிர்ந்த இருவர் மனமொப்பிச் செய்துகொள்ளும் ஒப்பந்தமாக மட்டுமே இருக்க வேண்டும் என்றார். மூன்றாமவர் பணம் தரும்போது மருத்துவர் இரண்டு எசமானர்க்கு ஊழியராகிறார், நோயாளியின் முகவராக மட்டும் நிற்க அவரால் முடியாது என்பது அந்த நிலைப்பாட்டின் உட்கிடை.

சாஸின் வாதம் உறவின் தூய்மையைக் காக்கிறது. ஆனால் அந்தத் தூய்மைக்குள் நுழைவதற்கான சீட்டு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை அது கேட்பதில்லை. மருத்துவத்தை நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறாகப் பகுத்த 950ஆம் குறளிலும் பணம் தருபவருக்கு இடமில்லை என்பதை இங்கே நினைவுகூரலாம். இந்நான்கும் ஒரே கூரையின்கீழ் இருந்த உலகத்தில் ஐந்தாவதாக ஒருவர் தேவைப்படவில்லை. பேணுபவர் தொலைவில் வாழும் உலகத்தில், முகம் தெரியாத பலருடைய சிறுதொகைகள் அவருடைய இடத்தில் ஒரு பகுதியை நிரப்புகின்றன. ஆகவே பங்கேற்கும் மருத்துவர் பலர்க்கு நீதி செய்து, ஒருவருடைய பெயரை வெளியே தருகிறார். பங்கேற்காதவர் ஒருவருடைய மறைவைக் காத்து, பலரை வாசலில் நிறுத்துகிறார். இருவரும் ஒரு கடமையை நிறைவேற்ற இன்னொரு கடமையில் கடன்பட்டே நிற்கின்றனர். அந்தக் கடனைத் தோற்றுவித்தது அவர்களுடைய குணமன்று. நேரத்துக்குக் கூலி தரும்போதே பெயரைப் பிணையாகக் கேட்கும் ஏற்பாடே அதைத் தோற்றுவித்தது.

இந்தக் கேள்வி இந்தியாவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று நிறுவனங்களைப் பணிக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதே ஆண்டு ஆகஸ்டில் இதை வலியுறுத்திச் சுற்றறிக்கை விடுத்தது. மருத்துவமனையில் படுக்கை எடுத்துத் தங்குவதையே மையமாகக் கொண்ட இந்தியக் காப்பீட்டில், அரைமணி நேரப் பேச்சுக்குப் பணம் கேட்கும் நிலை பரவலாகும்போது, அமெரிக்கப் படிவத்தின் இருபத்தோராம் கட்டம் இங்கும் ஏதோ ஒரு வடிவில் திறக்கும். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் ஒரு நோய்ப்பெயர் என்ன செய்யும் என்பதை அறிந்த சமூகத்தில், அந்தக் கட்டத்தின் கனம் குறைவாக இருக்கப்போவதில்லை.

சமய மரபுகள் விட்டுச்சென்ற எல்லைக்கோடு இங்கே வழிகாட்டக்கூடும். நேரத்துக்கும் சிரமத்துக்கும் கூலி என்ற பகுதியை எல்லோரும் சேர்ந்து ஏற்பதில் அறநெறித் தடை எதுவும் இல்லை; பெயர் என்ற பகுதியோ சிகிச்சையின் உள்ளே இருக்க வேண்டியது, மிகச் சுருங்கிய அளவில், மிகத் தாமதமாக, உரியவரின் அறிவோடு மட்டுமே வெளியே போக வேண்டியது. முதல் சில சந்திப்புகளுக்குப் பெயர் கேட்காமலே பணம் தரும் காப்பீடு அந்தக் கோட்டை மதித்ததாகும். அத்தகைய காப்பீடு வரும்வரையில் மருத்துவரிடம் எஞ்சும் கடமை ஒன்று உண்டு. சொந்தப் பணம் செலுத்துபவர்க்குச் செலவின் மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்று 2022 முதல் அமெரிக்கச் சட்டம் விதிக்கிறது. தொகையைச் சொல்வது கடமையாயின் பெயரைச் சொல்வதும் அதே அளவு கடமையே. இருபத்தோராம் கட்டத்தில் எதை எழுதப்போகிறார், ஏன் எழுதுகிறார், அது யார் கண்ணில் படும் என்பதைப் படிவம் போகுமுன் எதிரே அமர்ந்திருப்பவரிடம் மருத்துவர் சொல்லிவிட்டால், பன்னிரண்டாம் கட்டத்தில் உள்ள கையொப்பம் அப்போதுதான் உண்மையான இசைவாகும். அந்தப் பேச்சுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கலாம்; அந்த ஐந்து நிமிடமும் சிகிச்சை நேரத்திலேயே சேரும்.